5000 சுற்றில் தொடங்கிய நடுக்கம்

ஆயில் சீல் மாற்றுவதற்காக என் மோட்டார் சைக்கிளின் இன்ஜினைச் சட்டகத்திலிருந்து இறக்கி மீண்டும் ஏற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. நிமிடத்துக்கு 4500 சுற்றுவரை வண்டி முன்போலவே ஓடும். 4700ஐத் தாண்டியதும் கைப்பிடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு எழும். 5000ஐ எட்டும்போது அது மணிக்கட்டுவரை ஏறிவிடும். அந்தச் சுற்றில் நாற்பது நிமிடம் ஓட்டி இறங்கினால், வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், சாவியைப் பூட்டிலிருந்து எடுப்பதற்கே இடக்கையின் உதவி தேவைப்படும். இன்ஜினை ஏற்றிக் கொடுத்த பணிமனையில் கேட்டபோது, ஒற்றை சிலிண்டர் வண்டி என்றால் அதிரத்தான் செய்யும் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் இதே ஒற்றை சிலிண்டர் இறக்குவதற்கு முன் ஏன் இப்படி அதிரவில்லை என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைப்பிடிகளைக் கழற்றிவிட்டுத் தடித்த நுரைக் கைப்பிடிகளை மாட்டினேன். குறுகுறுப்பு சற்று அடங்கியது. ஆனால் கைப்பிடியின் பருமன் கூடியதால் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டிருப்பதே வேலையாகி, மரத்துப்போவதற்குப் பதிலாக முன்கை வலிக்கத் தொடங்கியது. அதிர்வு எங்கே பிறக்கிறது, எந்த வழியாகக் கைக்கு வருகிறது என்று பார்க்காமல், அது வந்து முடியும் இடத்தில் மெத்தை போட்டதன் விளைவு இது. இரண்டு வாரம் கழித்துப் பழைய கைப்பிடிகளை மீண்டும் மாட்டிவிட்டு, ஒழுங்காகத் தேட உட்கார்ந்தேன்.

தேடலின் முதல் படிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அதிர்வு இன்ஜினின் சுற்றைப் பின்தொடர்கிறதா, வண்டியின் வேகத்தைப் பின்தொடர்கிறதா என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். வெறிச்சோடிய நேரான சாலையில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கியர்களில் தனித்தனியாக 5000 சுற்றுக்குக் கொண்டுபோனேன். வேகம் மூன்றிலும் வேறு, நடுக்கம் மூன்றிலும் ஒன்று. பிறகு அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டு வண்டியை உருளவிட்டபோது நடுக்கம் அப்படியே மறைந்தது. ஆகவே சக்கரம், டயர், சக்கரத்தின் பேரிங் ஆகியவை குற்றமற்றவை. கடைசியாக நடு ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் 5000க்கு உயர்த்தினேன். நடுக்கம் இருந்தது, சாலையில் இருந்ததைவிடச் சற்றுக் குறைவாக. செயினும் பின் ஸ்ப்ராக்கெட்டும் அப்போது சுழலவே இல்லை என்பதால் அவையும் விடுபட்டன. எஞ்சியவை இன்ஜினும், அது சட்டகத்தோடு சேரும் இடங்களும்தான்.

இங்கே இன்ஜின் ஏன் அதிர்கிறது என்பதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் அந்தக் கணக்குத்தான் பின்னர் என்னை வழிநடத்தியது. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முழுமையாக நின்று, திரும்பிப் புறப்படுகிறது. பிஸ்டன், அதன் இணைப்பு ஊசி, வளையங்கள், கனெக்டிங் ராடின் மேற்பகுதி எல்லாம் சேர்ந்து 200 கிராம் என்றும், பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 58 மில்லிமீட்டர், அதாவது அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் ஆரம் 29 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், 5000 சுற்றில் அந்தப் பிஸ்டனை நிறுத்தித் திருப்புவதற்கு வேண்டிய விசை சுமார் 1590 நியூட்டன் வருகிறது. ஏறக்குறைய 160 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு. அது மேலும் கீழுமாக நொடிக்கு 83 முறை நிகழ்கிறது. இந்த விசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் 2500 சுற்றில் 40 கிலோ அளவே இருக்கும். தாழ்ந்த சுற்றில் சாதுவாக இருக்கும் வண்டி உயர்ந்த சுற்றில் திடீரென்று முரண்டு பிடிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கிராங்கில் எதிர்எடை வைத்து இதை முழுமையாகச் சமன் செய்ய முடியாது. எதிர்எடை வட்டமாகச் சுழல்கிறது, பிஸ்டன் நேர்கோட்டில் ஓடுகிறது. மேலும் கீழுமான விசையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு விசை முன்னும் பின்னுமாகப் புதிதாகப் பிறக்கும். அதனால்தான் எதிர்எடையைப் பெரும்பாலும் பாதி அளவுக்கு வைத்து, மீதிப் பாதியை நீக்க, கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் ஷாஃப்டைப் பொருத்துகிறார்கள். என் வண்டியிலும் அது உண்டு. ஆகவே என் சந்தேகம் இயல்பாகவே அதன்மேல் விழுந்தது. இன்ஜினை இறக்கியபோது அதன் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால்? பல்சக்கரத்தில் 40 பற்கள் இருந்தால் ஒரு பல் என்பது 9 பாகை. அந்த அளவு பிசகினாலே பேலன்சர் நீக்க வேண்டிய விசையில் ஆறில் ஒரு பங்கு நீங்காமல் நின்றுவிடும். அதாவது ஒரே ஒரு பல் போதும், கைக்குத் தெரிகிற அளவுக்கு.

ஆயிலை வடித்து, கிளட்ச் பக்க மூடியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, கிராங்க் நட்டில் சாக்கெட்டை மாட்டிப் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பல்சக்கரங்களிலும் குத்தப்பட்டிருந்த புள்ளிகள் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. கிராங்கை இரண்டு சுற்றுத் திருப்பி மீண்டும் பார்த்தேன், மாற்றமில்லை. பேலன்சர் நட்டும் கிளட்ச் நட்டும் இறுக்கமாகவே இருந்தன. ஒரு பிற்பகலும் ஒரு கேஸ்கெட்டும் வீண் என்று அப்போது தோன்றியது. ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சந்தேகம் மனதில் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

அடுத்ததாகச் செல்பேசியைத் துணைக்கு அழைத்தேன். செல்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானியின் அளவீடுகளைப் பதிந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று வரைபடமாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. நான் பயன்படுத்தியது அலமாரியில் கிடந்த பழைய செல்பேசியை. மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்திருப்பதால், அன்றாடம் பயன்படுத்தும் செல்பேசியை ஹேண்டில்பாரில் கட்டுவதற்கு மனம் வரவில்லை. பழைய செல்பேசியை இருபக்கப் பசை நாடாவால் கைப்பிடியை ஒட்டி உறுதியாகப் பொருத்தினேன். தளர்வாகக் கட்டினால் செல்பேசி தன் பங்குக்கு ஆடி, அதையும் சேர்த்துக் காட்டும்.

நியூட்ரலில் 5000 சுற்று. வரைபடத்தில் உயர்ந்து நின்ற சிகரம் 17 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 17 அதிர்வில் இருந்தது. நான் எதிர்பார்த்தது 83. அரை மணி நேரம் 17க்கு விளக்கம் தேடி அலைந்தேன்: ஏதோ ஒரு பாகம் தளர்ந்து மெதுவாக ஆடுகிறது என்று நம்பி, டேங்க், சைலன்சர், மட்கார்டு, நம்பர் பிளேட் என ஒவ்வொன்றையும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். பிறகு தற்செயலாக ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டியபோது, சிகரம் 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. இன்ஜின் வேகம் கூடக்கூட அதிர்வெண் குறைகிறதா? அப்போதுதான் புரிந்தது. அந்தச் செயலி நொடிக்கு 100 முறை மட்டுமே அளவெடுத்துக்கொண்டிருந்தது. நொடிக்கு 100 அளவுகளைக் கொண்டு 50 ஹெர்ட்ஸ்வரைதான் உண்மையாகப் பார்க்க முடியும். அதற்கு மேற்பட்டவை மடங்கி, பொய்யான இடத்தில் வந்து நிற்கும். 83 என்பது 100இலிருந்து 17 தள்ளி இருப்பதால் 17 ஆகத் தெரிந்தது. 5400 சுற்றில் உண்மையான 90 ஹெர்ட்ஸ், 10 ஆகத் தெரிந்தது. ஓடும் சக்கரத்தின் ஆரங்கள் திரைப்படத்தில் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரிவதும் இதே கதைதான். அமைப்பில் தேடி, அளவெடுக்கும் வேகத்தை நொடிக்கு 400 ஆக மாற்றியதும் சிகரம் 83 ஹெர்ட்ஸில் ஒழுங்காக வந்து நின்றது, வினாடி வர்க்கத்துக்கு 22 மீட்டர் என்ற முடுக்க அளவில். அதன் பக்கத்தில் 167 ஹெர்ட்ஸில் ஒரு சிறு சிகரம், அதே அலகில் 5 அளவில்.

அந்தச் சிறு சிகரத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது. கனெக்டிங் ராட் முடிவில்லா நீளம் கொண்டதாக இல்லாததால், பிஸ்டன் மேல்முனையில் திரும்புவதும் கீழ்முனையில் திரும்புவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த வேறுபாடு சுற்றுக்கு இரண்டு முறை துடிக்கும் ஒரு விசையாக, முதல் விசையில் ஏறத்தாழ கால் பங்காக வெளிப்படுகிறது. கிராங்கின் வேகத்திலேயே சுழலும் ஒற்றைப் பேலன்சரால் இதைத் தொட முடியாது. என் புகார் 83இன் மீதுதான்.

செல்பேசியைக் கைப்பிடியிலிருந்து எடுத்து ஹேண்டில்பார் பிடிமானத்திலும், சட்டகத்தின் முன்குழாயிலும், இன்ஜினின் முன்புறப் பிடிமானத் தகட்டிலும் மாற்றி மாற்றி ஒட்டினேன். முன்தகட்டில் 83 ஹெர்ட்ஸ் சிகரம் மற்ற எல்லா இடத்தையும்விடப் பெரிதாக இருந்தது. தகட்டைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, போல்ட்டின் தலையைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு மெல்லிய பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டால் முகப்பவுடர்போல வழுவழுப்பாக ஒட்டியது. அது வெளியிலிருந்து வந்த தூசி அல்ல. இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும் இரண்டு இரும்புப் பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றின்மேல் ஒன்று தேய்வதால் உதிரும் துரு. இறுகியிருக்க வேண்டிய போல்ட்டைச் சுற்றி இந்தப் பொடி இருந்தால், அந்தப் போல்ட் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். வண்டியின் முன்னால் ஒரு மணி நேரமாவது மண்டியிட்டு உட்கார்ந்திருப்பேன். இதை முதல் நாளே பார்த்திருந்தால் கிளட்ச் மூடியைக் கழற்றியே இருக்க மாட்டேன்.

அடியில் மரத்துண்டு வைத்து ஜாக்கியால் இன்ஜினின் எடையைத் தாங்கிக்கொண்டு, முன்போல்ட்டைக் கழற்றினேன். நட்டு எளிதாக வந்தது, போல்ட் வரவில்லை. மரச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. எடுத்ததும் தகடு ‘டக்’ என்ற ஒலியோடு வெளிப்புறமாக விலகி நின்றது. அந்த ஒலியே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. தகட்டுக்கும், இன்ஜினில் போல்ட் நுழையும் காதுக்கும் இடையே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன்: வலப்புறம் ஒட்டியிருந்தது, இடப்புறம் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி. வண்டியின் பாகப் படத்தில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய வாஷர் வரையப்பட்டிருக்கிறது. இறக்கியபோது அது எங்கோ உருண்டு போயிருக்க வேண்டும். வாஷர் இல்லாமல் போல்ட்டை இறுக்கியவர் டார்க்கை, அதாவது இறுக்கும் முறுக்கு அளவைச் சரியாகவே வைத்திருக்கலாம். ஆனால் அந்த இறுக்கத்தில் பெரும்பங்கு தகட்டை வளைத்து உள்ளே இழுப்பதற்கே செலவாகிவிட்டது. இரண்டு பரப்புகளையும் அழுத்திப் பிடிப்பதற்கு மிஞ்சியது கொஞ்சம். பேலன்சர் நீக்கியது போக மிஞ்சும் விசை நொடிக்கு 83 முறை தட்டும்போது அந்தக் கொஞ்சம் போதாமல் பரப்புகள் வழுக்குகின்றன, தேய்கின்றன, போல்ட் மேலும் தளர்கிறது.

இடைவெளியில் ஒரு ரப்பர் வாஷரை வைத்தால் அதிர்வையும் உறிஞ்சிக்கொள்ளுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் யோசனை, ஆனால் என் வண்டிக்குத் தவறானது. ரப்பரில் தொங்கும் எந்தப் பொருளுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதைப்போல சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வைத்தான் ரப்பர் வடிகட்டும், அதற்குக் கீழே அதே ரப்பர் அதிர்வைப் பெருக்கிவிடும். 1967இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோவில் ரப்பர் பிடிமானத்தைப் பயன்படுத்தியபோது, இன்ஜினை மட்டும் ரப்பரில் வைக்கவில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, அந்தத் தொகுதி முழுவதையும் ரப்பரில் வைத்தார்கள். அப்போதுதான் இன்ஜின் ஆடினாலும் செயினின் நேர் கெடாது. என் வண்டியிலோ இன்ஜின் சட்டகத்தின் ஓர் உறுப்பு. நான்கு இடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் மட்டும் ரப்பரும் என்றால், ரப்பர் உள்ள இடம் வேலை செய்யாது, மற்ற நான்கும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும்.

ஆகவே இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடான எஃகு ஷிம்தான். 0.5, 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு ஷிம்களைச் சேர்த்து 0.7 ஆக்கினேன். வைப்பதற்கு முன் இரண்டு பரப்புகளிலும் இருந்த பெயிண்டையும் காவிப் பொடியையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி எடுத்தேன். பெயிண்ட் போல்ட்டின் அழுத்தத்தில் நாளடைவில் பிதுங்கி மெலியும். அது மெலிந்த அளவுக்கு இறுக்கம் போய்விடும். பிறகு இன்ஜினின் எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்தி, எல்லாவற்றையும் கையால் மட்டும் திருகி, ஜாக்கியைச் சற்று ஏற்றி இறக்கி, ஒவ்வொரு போல்ட்டும் தட்டாமல் விரலால் தள்ளினாலே நழுவும் நிலைக்குக் கொண்டுவந்தேன். என் மதிப்பில் முழு வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான். போல்ட்டைத் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் இன்ஜின் இன்னும் எங்கோ கோணலாக நிற்கிறது என்று பொருள்.

இறுக்கும் வரிசையைக் கையேட்டின்படியே வைத்துக்கொண்டேன்: பின்புறத்தின் இரண்டு பெரிய போல்ட்டுகள் முதலில், 45 நியூட்டன் மீட்டருக்கு, பிறகு முன்புறத்தின் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள், 25க்கு, சிலிண்டர் ஹெட்டைச் சட்டகத்தோடு இணைக்கும் மேல் தாங்கி கடைசியில். மரைகளுக்கு எண்ணெய் இடவில்லை. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும்; கையேட்டின் எண்கள் உலர்ந்த மரைக்கு உரியவை. நைலான் வளையம் வைத்த நட்டுகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். முடிவில் ஒவ்வொரு நட்டின் மீதும், அதை ஒட்டிய தகட்டின் மீதும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன்; நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும்.

அதே செல்பேசி, அதே இடம், அதே 5000 சுற்று: 83 ஹெர்ட்ஸ் சிகரம் 22இலிருந்து 8க்கு இறங்கியிருந்தது. 167இல் இருந்தது பெரிதாக மாறவில்லை. சாலையில் அந்தக் குறுகுறுப்பு போய்விட்டது.

போய்விட்டது என்றாலும், 5500ஐ ஒட்டி ஒரு குறுகிய இடைவெளியில் கைப்பிடி மட்டும் இன்னும் முணுமுணுத்தது. டேங்கிலும் ஃபுட்ரெஸ்டிலும் ஒன்றும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, செல்பேசியை ஹேண்டில்பாரின் முனையில் ஒட்டி, ரப்பர் சுத்தியலால் பாரை ஒரு தட்டுத் தட்டினேன். தட்டியதும் பார் எழுப்பிய அதிர்வு 92 ஹெர்ட்ஸில் இருந்தது. அதை 60ஆல் பெருக்கினால் 5520. அதாவது இன்ஜின் அந்தச் சுற்றை அடையும்போது, ஹேண்டில்பார் தன் இயல்பான சுருதியில் சேர்ந்து பாடுகிறது. இது பழுதல்ல; முன்பு பெரிய நடுக்கத்துக்குள் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

பாரின் முனைகளில் எடை கூட்டினால் அதன் அதிர்வெண் இறங்கும். 150 கிராம் எடைகளை ஒவ்வொரு முனையிலும் திருகினேன். தட்டிப் பார்த்தால் 81 ஹெர்ட்ஸ். பெருமிதத்தோடு ஓட்டிப் பார்த்தபோது நிலைமை முன்னைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் 81 ஹெர்ட்ஸ் என்பது 4860 சுற்று. நான் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வைத்திருக்கும் சுற்று அதுதான். எங்கோ ஓரமாக இருந்ததை நானே நடு வீட்டுக்குள் அழைத்து வந்துவிட்டேன். எடையை 300 கிராமாக உயர்த்தியதும் 73 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. அது ஏறத்தாழ 4400 சுற்று, கியர் மாற்றும்போது நொடியில் கடந்துபோகும் இடம். அங்கே ஒரு சிறு முணுமுணுப்பு கேட்கிறது; அடுத்த நொடியில் அடங்கிவிடுகிறது.

எடைகளை மாட்டும்போது ஒரு தவறு நேர்ந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வலப்பக்க எடை ஆக்சிலரேட்டர் கைப்பிடியின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. நிறுத்திவைத்த வண்டியில் திருகிவிட்டபோது கைப்பிடி தானாகத் திரும்பி மூடிக்கொள்ளாமல் பாதியில் நின்றது. சாலையில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எடைக்கும் கைப்பிடிக்கும் இடையே 2 மில்லிமீட்டர் விட்டு மீண்டும் பொருத்தி, ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கைப்பிடி சட்டென்று மூடுகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைப் போட்டேன்.

500 கிலோமீட்டருக்குப் பிறகு வெள்ளைக் கோடுகளைப் பார்த்தேன். மேல் தாங்கியின் ஒரு நட்டில் மட்டும் கோடு ஓர் இழை விலகியிருந்தது. டார்க் ரெஞ்ச் வைத்தபோது கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பிக் கிளிக் என்றது. அதில் நடுத்தர வலிமையுள்ள மரைப்பசையை ஒரு சொட்டு விட்டு மீண்டும் இறுக்கினேன். மற்ற கோடுகள் உடையவில்லை, முன்தகட்டில் காவிப் பொடி மீண்டும் வரவில்லை. 6200 சுற்றுக்கு மேல் பின்னோக்கும் கண்ணாடியில் பிம்பம் இன்னும் கலங்குகிறது. அதற்கும் கண்ணாடித் தண்டில் எடை கூட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் அந்தச் சுற்றில் நான் இருக்கும் நேரம் மிகக் குறைவு, பின்னால் வருபவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன்.